எறக்கு, எறங்கு

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. கிடங்கில் அவர் மைக்செட். மேலாளருக்கும் மைக்செட், வாசல் காவலாளிக்கும் மைக்செட், எப்போதாவது வந்துபோகிற லாரிக்காரர்களுக்கும் மைக்செட்தான். எனக்கு மட்டும் மாமா. அதே கிடங்கில் பதினொரு வருடமாக எழுத்தராக இருக்கிற நான், வேலை நேரத்தில்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். பதிலுக்கு அவர் என்னைக் கிளார்க்கம்மா என்பார், அதுவும் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து.

தொண்டை அப்படி. கல்யாணமான புதிதில் ஒருநாள் கடைக்குப் புறப்பட்டுத் தெருமுனை வரை போய்விட்ட அக்காவிடம், மாடி ஜன்னலில் நின்று, "அப்படியே ஒரு சோப்பும் வாங்கிட்டு வா" என்று சாதாரணமாகச் சொன்னாராம். அக்கா கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கடைக்காரர் சோப்பை எடுத்து வைத்திருந்தார். மாமா ரகசியம் பேசினால் பக்கத்து வீட்டிலிருந்து பதில் வரும் என்று நாங்கள் கேலி செய்வோம். அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. "கடவுள் எனக்குக் குடுத்தது இது ஒண்ணுதான், அதையும் பூட்டி வைக்கணுமா?" என்பார்.

இருபது வயதில் கிடங்குக்கு மூட்டை தூக்க வந்தவர். பன்னிரண்டு வருடம் தூக்கினார். பிறகு ஒருநாள் குனிந்தவர் நிமிர முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதுகு போனவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மேலே யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கிடங்குக்கு முதல் ஃபோர்க்லிஃப்ட் வந்தது. எங்கள் சரக்கு தரைக்கும் சுவருக்கும் ஒட்டுகிற டைல்ஸ். பெட்டி பெட்டியாக மரப்பலகை மேல் அடுக்கி, வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கரங்களில் ஏற்றினால், ஓட்டுகிறவருக்கு எதிரே என்ன இருக்கிறதென்றே தெரியாது. அவருக்குக் கண்ணாக ஒருத்தர் வெளியே நிற்க வேண்டும். வா, நில்லு, தூக்கு, எறக்கு என்று சொல்ல வேண்டும். தகரக் கூரையின் கீழே மூன்று இயந்திரங்கள் ஓடும் சத்தத்தைத் தாண்டி அது காதில் விழவும் வேண்டும். மேலாளர் மாமாவைக் கூப்பிட்டு, "உன் வாய்க்கு இப்பதான்டா ஒரு வேலை கெடச்சிருக்கு" என்றார். கையில் ஒரு விசிலும் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் அதைத் தொலைத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை.

அவர் அந்த வேலையைச் செய்த அழகை நான் தினமும் என் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அலுவலக அறைக்கும் முற்றத்துக்கும் நடுவில் ஒரே ஒரு ஜன்னல், பதினைந்து அடி தூரம். கை ஒருபக்கம் போகும், குரல் ஒருபக்கம் போகும், கண் மட்டும் சரக்கை விட்டு நகராது. வண்டிக்காரரிடம் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது "எறக்கு, எறக்கு" என்பார். லாரி மேல் நின்று வேடிக்கை பார்க்கும் சுமையாட்களிடம் "எறங்கு, எறங்கு" என்று நூறு தடவை. இரண்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே வாயிலிருந்து, அதே சுருதியில் வந்துகொண்டிருக்கும். நடுவில் இருப்பது ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்தைப் பற்றித்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். அதில் ஒரு மனிதரின் கால் போனது, கூடவே நல்ல பெயரும் போனது.

அந்த மனிதரை நாங்கள் நிதானம் என்று கூப்பிடுவோம். கிடங்கிலேயே நல்ல ஓட்டுநர். நல்லவர் என்றால் வேகமானவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மற்றவர்கள் இரண்டு லாரி முடிக்கும் நேரத்தில் அவர் ஒன்றரைதான் முடிப்பார். ஏறியதும் பெல்ட் போடுவார், கண்ணாடியைத் துடைப்பார், ஹாரன் அடித்துப் பார்ப்பார், அப்புறம்தான் சாவி. "என்னய்யா, விமானமா ஓட்டப் போற?" என்று மாமா கேட்பார். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை கண்ணாடியைத் துடைப்பார். எட்டு வருடத்தில் அவர் கையால் ஒரு டைல் உடைந்தது கிடையாது. இரண்டு பேருக்கும் ஒத்துப்போகும். மாமாவின் குரல் எங்கே போகிறதோ அங்கே நிதானத்தின் வண்டி போகும். திரும்பிப் பார்க்கவோ, ஏன் என்று கேட்கவோ மாட்டார். அந்த நம்பிக்கைதான் வினையாகப் போனது.

ஒரு முற்பகல். நிதானம் அடுக்கின் இரண்டாம் தட்டிலிருந்து ஒரு பலகைச் சரக்கை எடுத்தார். எடுத்ததும் கொஞ்சம் பின்னால் வந்து, பிறகு சரக்கைக் கீழே இறக்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். அவர் பின்னால் வந்தார். முற்றத்து ஓரத்தில் சாக்கடைக்கு மேலே சிமெண்டுப் பலகைகள் போட்டு மூடியிருக்கும். அதில் ஒன்று விரிசல் விட்டிருப்பதைப் பல பேர் பார்த்திருக்கிறோம். மாற்ற வேண்டும் என்று நானே இரண்டு தடவை கடிதம் அடித்திருக்கிறேன். பின்சக்கரம் ஏறியதும் அந்தப் பலகை முறிந்தது. இடது பக்கம் இறங்கிவிட்டது. சரக்கு மேலே தூக்கியபடி இருந்ததால் வண்டி மொத்தமாக இடப்பக்கம் சாய்ந்தது. ஆனால் உடனே விழவில்லை. அங்கே சரக்கில்லாத காலி மரப்பலகைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். வண்டியின் பின்பாகம் அதில் முட்டிக்கொண்டு நின்றது. நாலைந்து நொடி இருக்கும்.

அந்த நாலைந்து நொடியில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஓட்டுநர் பெல்ட்டோடு உள்ளேயே உட்கார்ந்து சரக்கைக் கீழே இறக்க வேண்டும். பாரம் தாழ்ந்தால் வண்டி நின்றாலும் நிற்கும். அப்படியே கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பவரைத் தலைக்கு மேலே உள்ள இரும்புக் கூண்டு காப்பாற்றிவிடும். வெளியே வந்தால் அதே கூண்டு அவர் மேலேயே விழும். இது கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். நிதானத்துக்கு மற்ற எல்லோரையும் விட நன்றாகத் தெரியும்.

மாமாவின் குரல் கேட்டது. நிதானம் பெல்ட்டைக் கழற்றினார். அவசரமே இல்லாமல், தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் கழற்றுகிற மாதிரி கழற்றி, இடப்பக்கப் படியில் காலை வைத்து இறங்கினார். காலிப் பலகைகள் சரிந்தன.

இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பத்துப் பேர் சேர்ந்து இரும்புக் கம்பிகளைக் கொடுத்து வண்டியை நெம்பித் தூக்கினார்கள். அந்தப் பத்துப் பேரில் மாமாவும் இருந்தார், முதுகு போன மாமா. ஆம்புலன்ஸ் வரும்வரை நிதானத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று யாருக்கும் கேட்கவில்லை. அவர் பேசி எங்களுக்குக் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை.

பத்து நாள் கழித்து மேலாளர் விசாரணை வைத்தார். அவர் கெட்டவர் கிடையாது. மருத்துவமனைக்கு முதலில் ஓடியவரே அவர்தான். ஆனால் மேலே யாரோ காகிதம் கேட்கிறார்கள், காகிதத்தில் ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் உடைந்த சிமெண்டுப் பலகையாக இருக்கக் கூடாது. படுக்கையில் இருந்த நிதானம், "அண்ணன் எறங்குன்னு சொன்னாரு, எறங்கினேன்" என்று சொல்லியிருந்தார். மேலாளர் மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் பக்கத்தில் தட்டச்சு செய்ய உட்கார்ந்திருந்தேன்.

"நீ என்ன சொன்ன?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எறக்குன்னுதான் சார் சொல்லியிருப்பேன். அதானே சொல்லணும்."

"சொல்லியிருப்பேன்னா என்னய்யா? சொன்னியா இல்லியா?"

"சொல்லியிருப்பேன் சார்."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "சொல்லியிருப்பேன்னு போட்டா அறிக்கை நல்லா இருக்காதும்மா. 'சொன்னேன்'னு போடு."

போட்டேன். பிறகு அவர் சொல்லச் சொல்ல அடுத்த வரியையும் அடித்தேன்: சைகை காட்டுபவர் இறக்கு எனச் சரியாக உத்தரவிட்டும், ஓட்டுநர் பதற்றத்தில் இருக்கைப் பட்டை அணியாத நிலையில் தானாக வெளியே குதித்தார். முடித்ததும் மேலாளர் பேச்சுவாக்கில், "நீ எதுவும் பாத்தியாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார், நான் உள்ள இருந்தேன்."

பார்க்கவில்லை என்பது உண்மை. அந்த நேரத்தில் நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் தலையை நிமிர்த்துவதற்குள் வண்டி விழுந்துவிட்டது. பெல்ட்டையும் படியையும் பற்றிப் பிறகு சுமையாட்கள்தான் சொன்னார்கள், அதுவும் விசாரணையில் வாயைத் திறக்காமல் டீக்கடையில். என் காதில் விழுந்தது எதுவும் உண்டா என்று மேலாளர் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு நான் நல்லவளாக இருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. பதினைந்து அடி. "எறங்கு" என்று அவ்வளவு தெளிவாகக் கேட்டது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

ஏன் மறைத்தாய் என்று கேட்டால் என்னிடம் ரெடியாக ஒரு பதில் இருந்தது. அக்கா குடும்பம். மாமாவுக்கு இந்த வயதில், இந்த முதுகோடு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? பதில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், அநியாயம் என்றால் பேருந்து நடத்துநரிடம்கூட மல்லுக்கு நிற்பேன் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கி வைத்திருந்தவள் நான். அன்றைக்கு அந்தக் கோபம் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று என்னையே பலமுறை திட்டியிருக்கிறேன். திட்டிவிட்டு மறுநாளும் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

நிதானத்துக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். வண்டி ஓட்ட முடியாது, சரி. எடை மேடைப் பக்கத்தில் உட்கார்ந்து லாரி எண் குறித்துக்கொள்ளும் வேலை ஒன்று காலியாக இருந்தது, அதைக் கேட்டு ஊன்றுகோலோடு வந்தார். மேலாளர் அறிக்கையை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தார். விதியை மீறிக் குதித்தவரைத் திரும்ப எடுக்க மேலே ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றார். நிதானம் அதை முழுக்கப் படித்தார். அவர் எதையுமே நிதானமாகத்தானே செய்வார். படித்துவிட்டு, "சரி சார்" என்று எழுந்து போனார். போகும்போது என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் ஒரு கோப்பைத் தேடுகிற மாதிரி கீழே குனிந்துகொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால்கூட மாமாவும் நானும் காலத்தை ஓட்டியிருப்போம். ஆனால் திங்கட்கிழமை காலைகளில் பாதுகாப்புக் கூட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எல்லோரையும் முற்றத்தில் நிற்க வைத்து மேலாளர் பத்து நிமிடம் பேசுவார். ஒவ்வொரு வாரமும் அந்த அறிக்கையை எடுத்து வாசிப்பார். "ஒருத்தர் பயந்து குதிச்சாரு, கால் போச்சு. நம்ம மைக்செட் சரியாத்தான் சொன்னாரு. கேட்டிருந்தா இன்னைக்கு அவரு இங்க நம்மகூட நின்னிருப்பாரு." எல்லோரும் மாமாவைப் பார்ப்பார்கள். புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர்கள் ஏதோ பெரிய மனிதரைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள். மாமா தலையைக் குனிந்து நிற்பார். நான் என் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

மாமாவின் குரல் அதற்குப் பிறகுதான் குறைய ஆரம்பித்தது. முதலில் வீட்டில், பிறகு கிடங்கில். ஆறு மாதத்தில் அவரே மேலாளரிடம் போய், தொண்டை சரியில்லை, சைகை வேலை வேண்டாம் என்று சொல்லி, உடைந்த டைல்களைப் பிரிக்கிற கொட்டகைக்கு மாறிக்கொண்டார். அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை. அக்கா டாக்டரிடம் கூட்டிப்போனாள். தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார்கள். "வீடே வெறிச்சுனு இருக்குடி. முன்னல்லாம் கொஞ்சம் வாயை மூடுங்கன்னு கெஞ்சுவேன். இப்ப ஏதாவது பேசுங்கன்னு கெஞ்சறேன்" என்று என்னிடம் புலம்பினாள்.

ஒன்றரை வருடம் இப்படி ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"எனக்கு பயமா இருக்குடி. குளிக்கப் போனா குழாயைத் தெறந்து விட்டுட்டு உள்ள நின்னு ரெண்டே வார்த்தைய மாத்தி மாத்திச் சொல்லிட்டு இருக்காரு. தெனமும்."

"என்ன வார்த்தை?"

"எறக்கு, எறங்கு. எறக்கு, எறங்கு. என்ன கேட்டாலும் ஒண்ணுமில்லங்கறாரு. மனுஷனுக்கு மூளை கலங்கிடுச்சா?"

இத்தனை நாள் அவர் தெரிந்துகொண்டே மறைக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவரும் என்னை மாதிரி ஓர் ஆள் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் சௌகரியமாகக்கூட இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் மறைக்கவே இல்லை. தன் வாயிலிருந்து வந்தது எது என்று தெரியாமல், அந்த வாயை வைத்தே தினமும் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

மதியம் போனேன். அக்கா துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். மாமா சமையலறை மேசையில் உட்கார்ந்து தேய்ந்துபோன செருப்பு வாரை ஒட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்ததும் பசைக் குழாயை மூடி வைத்தார்.

"கிளார்க்கம்மா, ஒண்ணு கேட்டா உண்மையச் சொல்லுவியா?"

"கேளுங்க மாமா."

"அன்னைக்கு உன் ஜன்னல் தெறந்துதானே இருந்துச்சு?"

ஒன்றரை வருடமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. எறக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் இன்றைக்கே நிம்மதியாகத் தூங்குவார். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"எறங்குன்னுதான் சொன்னீங்க மாமா. ரெண்டு தடவை."

அவர் கோபப்படுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. அந்த நேரத்துல சரக்கு என் கண்ணுக்கே தெரியல. ஆளுதான் தெரிஞ்சான். அவன் எப்படியாவது வெளிய வந்துடணும்னுதான் இருந்துச்சு. இத்தனை வருஷம் சரக்கத் தவிர வேற எதையும் பாக்காத கண்ணு, அன்னைக்குப் போய் ஆளப் பாத்துடுச்சு."

பசைக் குழாயை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "நீ ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டார்.

"அக்காவுக்காக."

அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "சரி, கெளம்பு. அவன் வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று ஒட்டி முடிக்காத செருப்பையே மாட்டிக்கொண்டு எழுந்தார்.

நிதானத்தின் வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. குறுகலான படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் அந்தச் செயற்கைக் கால் எப்படி ஏறும் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். கதவைத் திறந்த அவர் மனைவி தையல் நிறுவனத்தில் வேலை செய்கிறவள், ஞாயிற்றுக்கிழமையும் அரைநாள் போய்வந்திருந்தாள் போல, கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஜன்னலோரம் ஒரு மேசை. அதில் பிரித்துப்போட்ட இஸ்திரிப் பெட்டிகள், மின்விசிறி மோட்டார்கள். நிதானம் அதன் பின்னால் உட்கார்ந்திருந்தார். பழுது பார்க்கும் வேலையை வீட்டிலேயே எடுத்துச் செய்கிறாராம். திருகுகளை அளவு வாரியாகச் சின்னச் சின்ன மூடிகளில் பிரித்து வைத்திருந்தார்.

"வாங்கண்ணே. வாங்க மேடம்" என்று உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார். மாமா மெதுவாக ஏதோ விசாரித்தார். நிதானம் முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டினார். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணே. எனக்குக் காது சரியில்ல."

"காதுக்கு என்ன?" என்றார் மாமா.

நிதானத்தின் மனைவி முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்லண்ணே. ரெண்டு எடத்துல மெஷின் வெச்சு டெஸ்ட் பண்ணியாச்சு. நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. இவருதான் நம்ப மாட்டேங்கறாரு. நான் உப்புன்னு சொன்னா, உப்புதானேன்னு திருப்பிக் கேட்டுட்டுதான் கடைக்குப் போறாரு. ரோட்டைத் தாண்டறப்ப ஹாரன் கேட்டுச்சா இல்லியான்னு என்னைக் கேக்கறாரு."

நிதானம் கூச்சத்தோடு சிரித்தார். "மெஷினுக்கு என்ன தெரியும்? அண்ணன் எறக்குன்னு சொன்னது என் காதுல எறங்குன்னு விழுந்துச்சே. அந்த அறிக்கையப் படிச்சப்பதான் எனக்கே புரிஞ்சுது. அண்ணன் தப்பாச் சொல்ற ஆளா? எட்டு வருஷம் இந்தக் காத நம்பி வண்டி ஓட்டிட்டேன். நல்லவேளை, வேற யாருக்கும் ஒண்ணும் ஆகல. என்னோட போச்சு."

நான் கையிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கால் போனதற்குத் தயாராக வந்திருந்தேன். வேலை போனதற்கும் தயாராக வந்திருந்தேன். நான் அடித்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஒரு மனிதர் தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு வாழ்வார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மாமா நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, நான் எறங்குன்னுதான் சொன்னேன். உன் காதுல விழுந்தது சரி. தப்பு என் வாயில. அன்னைக்கு எனக்கே தெரியல. எறக்குன்னு சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். இல்ல. எறங்குன்னுதான் சொன்னேன்."

நிதானம் கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தார். பிறகு எடுத்து, அது வழக்கமாக இருக்கிற இடத்தில் வைத்தார். அவர் மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அப்ப என் காது நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு."

"நீங்க சும்மா எனக்கு ஆறுதலா சொல்லலியே?"

"எழுதியே குடுத்துடறேன். நாளைக்கு மேலாளர்கிட்டயும் குடுக்கறேன். காலையில கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்றேன். இவ நல்லா எழுதுவா, எழுதச் சொல்றேன்."

நிதானத்தின் மனைவி தன் மகளின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். இந்த முறை எந்த வார்த்தையையும் மாற்றவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். தாளில் கீழே பாதி இடம் காலியாக இருந்தது. பேனாவை மூடிவிட்டு எழுந்திருக்கலாம், யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. நான் அடுத்த வரியை எழுதினேன். என் பெயரும் போட்டேன். தாளை நிதானத்திடம் நீட்டினேன்.

அவர் வழக்கம்போல மெதுவாகப் படித்தார். மாமாவின் கையெழுத்து வரை படித்தபோது அவர் முகம் லேசாகிக்கொண்டே வந்தது. என் வரிக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"அண்ணனுக்குத் தெரியல. சரி. அவரு தெரியாமத்தான் சொன்னாரு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கே தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

"நான் வேலை கேட்டு வந்தப்பவும்?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்போதும் குரல் உயரவில்லை. மேடம் என்ற வார்த்தை மட்டும் போய்விட்டது. தாளை மேசையில் என் பக்கம் திருப்பி வைத்து, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இதைப் படி. நான் காதால கேக்கணும்."

படித்தேன். "அன்று நானும் இருந்தேன். இறங்கு என்று சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. தெரிந்தே அறிக்கையில் இறக்கு என்று அடித்தேன்."

நிதானம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை படி" என்றார்.